மஞ்சள் முடிச்சு

உப்புக்குளத்து டயர் கடை வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் டயர் மாற்ற ஜக்கில் ஏறி நிற்கிறது. கடைக்கார ஹுசைன் நானா இரண்டு புது டயர்களை உருட்டி வந்து என் முன்னால் வைக்கிறார். "இது மெதுமையான ரப்பர். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனா கெதியாத் தேயும். மற்றது கனநாள் உழைக்கும். ரெண்டும் இருநூறுல ஓடினாலும் தாங்கும். கழுதை குறுக்க நிக்கிற ஊரில இருநூறு எங்க ஓடப்போறீங்க தம்பி?" மர வாங்கில் உட்கார்ந்திருக்கும் வங்காலை மீனவர் வலன்ரைன் அண்ணையும் சிரிக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் ரியூப் தண்ணீர்த் தொட்டிக்குள் குமிழி விடுகிறது. கரையில் காயப்போட்ட தன் வலையை முந்தாநாள் ஏதோ வாகனம் கிழித்துவிட்டதென்று இப்போதுதான் சொல்லி முடித்தார். "ஆர் அண்ணை அந்த விசரன்?" என்று கேட்டேன். அந்த மணலில் காரை வட்டமடிக்க விட்டவன் நான்தான்.

நானா சக்கரம் கழற்றிய இடத்தில் கையை விட்டு, அச்சில் சுற்றிக் கிடந்த நைலோன் நூலை இழுத்தெடுக்கிறார். மணல் உதிர்கிறது. நூலின் நடுவில் மஞ்சள் முடிச்சு ஒன்று. வலையின் கிழிசலை மஞ்சள் நூலால் பொத்துவது வங்காலையில் வலன்ரைன் அண்ணை மட்டும்தான். அவர் எழுந்து வந்து நூலை வாங்குகிறார். முடிச்சைப் பெருவிரலால் தடவுகிறார். என் காது மடல்கள் கொதிக்கின்றன. "எந்த டயர் தம்பி?" என்கிறார் நானா. வலன்ரைன் அண்ணை நூலைச் சேட்டுப் பையில் வைத்துவிட்டு, மெதுமையான டயரைத் தட்டுகிறார்.

"கவ்விப் பிடிக்கிறதையே எடுங்கோ தம்பி. கெதியா நிப்பாட்டலாம். கரையில பிள்ளையளும் விளையாடுறவை."