அசலும் வட்டியும்

கணவர் இறந்து ஆறு வருடம் கழித்து, அவருடைய கிரெடிட் கார்டு பாக்கியைக் கேட்டு வசூல் ஏஜென்சியிலிருந்து தையல்காரம்மாவுக்கு போன் வந்தது.

"அவர் போய்ச் சேர்ந்துட்டாருங்க. இறப்புச் சான்றிதழ்கூட அனுப்பினேனே?"

"கிடைச்சுதும்மா. ஆனா போன மாசம்வரைக்கும் அவரே நேர்ல வந்து கட்டினாரே," என்றான் வசூல்காரன் பணிவாக.

"யார்கிட்ட கதை விடறே? கோர்ட்டுக்குப் போவேன்."

"இருங்க, அவர்கிட்டயே தரேன்."

"நான்தான்டி," என்றது கணவரின் குரல். "எப்படியாவது கட்டிடு. இங்க என்னை உட்காரவே விடமாட்டேங்கறாங்க. கால் வலி தாங்கல."

அவள் கம்மலைக் கழற்றி அடகு வைத்து, கிடைத்ததை அன்றே கட்டினாள். பிறகு அந்த எண்ணுக்கே அழைத்தாள்.

"அவரை உட்கார வச்சிட்டீங்களா தம்பி?"

"நீங்க கட்டினது வட்டிக்கே சரியாப் போச்சும்மா. அசல் அப்படியே நிக்குது," என்றான் அவன். "அவரும்தான்."