கழலாத பில்டர்

சிதறால் மலைப் பாறையில் கால் வழுக்கி நான் உட்கார்ந்தேன். கையிலிருந்த கேமரா எனக்கு முன்பே உட்கார்ந்துவிட்டது. லென்சுக்குக் காவலாகத் திருகியிருந்த கண்ணாடி பில்டர் விரிசல் விட்டது. எவ்வளவு திருகியும் கழலவில்லை.

அந்தக் கேமரா பெமிலா அக்கா குவைத்திலிருந்து அத்தானுக்கு ஆசையாய் வாங்கி வந்தது. யாரையும் தொடவிடாத அத்தான், டீ டம்ளரையே ஒழுங்காகப் பிடிக்காத என்னிடம் அன்று வலியக் கொடுத்தார்.

"எனக்கா அத்தான்? ஏன்?"

"வெயிலுக்கு முன்ன மலையேறு மக்கா."

வீட்டில் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஒனக்கு இருக்கது கையா, அகப்பையா? அந்த மனுசன் பிள்ள மாதிரி வச்சிருந்தாரு!"

"போட்டும் பெமி, அவன் வேணும்னா போட்டான்?" என்றார் அத்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா!

அக்கா அடுக்களைக்குப் போனதும், பில்டரைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினேன். டக்கென்று கழன்றது. திருகு மரை முழுக்கக் காய்ந்த பசை.

நான் உடைத்தேன், சரி. ஒட்டவில்லையே!

அடுக்களையைப் பார்த்தபடி, பசையை நகத்தால் அவசரமாகச் சுரண்டிக்கொண்டே கேட்டேன்.

"அத்தான், எனக்கு ஏன் தந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் பேச்சிப்பாறையில என் கையிலருந்து விழுந்து, பில்டர் தனியா தெறிச்சிட்டு மக்கா. ஒங்க அக்காவுக்குப் பயந்து ஒட்டி வச்சேன். ஒன்கிட்ட தந்தா எப்படியும் கீழ போடுவன்னு தெரியும். இன்னைக்குப் போடாம வந்திருந்தா, நாளைக்கும் தந்திருப்பேன்."