மூன்றே முக்கால் மணிக் கோளாறு

தினமும் பிற்பகல் மூன்றே முக்கால் ஆனால் போதும், அந்த அலுவலகத்தில் அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும்.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று போனில் வரும் புகார்களைப் பதிவு செய்யும் இடம் அது. நாற்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளறையில் இருக்கும் பெரிய மெஷின் நின்றால் நாற்பது பேரின் வேலையும் நின்றுபோகும்.

மேனேஜர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு சிஸ்டம்காரரை வரவழைத்தார்.

"ஏழு வருஷத்து மெஷின் சார். மாத்தணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மாத்திடறேன். புதுசு நம்ம கட்டடத்துலயே இருக்காதாம். எங்கயோ இருந்துக்கிட்டு நிக்காம ஓடுமாம். அதைப் போட்டுக் குடுக்குற வேலையும் உங்களுக்குத்தான்."

வலிய வந்த வேலை. சிஸ்டம்காரர் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பார்க்காமல் எழுதிப் பழக்கமில்லாத மனுஷர். மூன்று நாள் டைம் கேட்டார்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"இருக்கறதை ரிப்பேர் பண்ணாப் போதாதா? புதுசு எதுக்கு?"

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள இந்த அம்மாளுக்குச் சோம்பல், வேறென்ன, என்று சிஸ்டம்காரர் நினைத்துக்கொண்டார்.

ஊழியர்கள் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்டாப்வாட்ச். சீட்டை விட்டு யார் எழுந்தாலும் பெயருக்கு நேரே சிவப்பு மார்க் போடுவார். போடாமல் விடவும் முடியாது, எழுந்தது மேனேஜர் திரையிலும் தெரிந்துவிடும். மூன்று மார்க் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆறு மாதத்துக்கு முன்னால் டீ இடைவேளையையும் மேனேஜர் எடுத்துவிட்டார். மெஷின் கோளாறு என்றால் மட்டும்தான் யார் தலையிலும் மார்க் விழாது.

முதல் நாள் சிஸ்டம்காரர் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அது ஒரு நாளும் நின்றதாகவே பதிவில்லை. அதிலிருந்து ஹாலுக்குப் போகும் ஒயரில்தான் தொடர்பு விட்டுவிட்டுச் சேர்ந்திருந்தது. புது ஒயர் போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். மூன்றே முக்காலுக்கு மறுபடியும் எல்லாம் நின்றது.

ஹாலை எட்டிப் பார்த்தார். நடுவில் நின்று ஸ்டாப்வாட்ச் மெஷினைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாத கர்ப்பிணி ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தாள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் டப்பாவைத் திறந்து நாலு பிஸ்கெட்டை அவசரமாக விழுங்கினார். இன்னொருத்தி, பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்துவிட்டானா என்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

இரண்டாம் நாள் மெஷின் இருக்கும் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாற்பதுக்குக் கதவைத் திறந்த ஸ்டாப்வாட்ச், இவரைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மெஷின் நிற்கவே இல்லை. தாங்க முடியாமல் எழுந்து போன கர்ப்பிணிக்குச் சிவப்பு மார்க் விழுந்தது.

மூன்றாம் நாள், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தார். மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் ஸ்டாப்வாட்ச்.

அந்த அம்மாள் ஓடவுமில்லை, மழுப்பவுமில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"டீ பிரேக்கைத் திருப்பிக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டுப் பாத்துட்டேன் சார். நடக்கல. ஒரு பொண்ணு அடக்கி அடக்கி வச்சு, கிட்னியில இன்ஃபெக்‌ஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுக்கு முந்தின நாள் அவ எந்திரிச்சுப் போனதுக்கு மார்க் போட்டது இந்தக் கைதான். வேற வழி தெரியல. போய்ச் சொல்றதுன்னா சொல்லிடுங்க."

சொன்னால் அந்த அம்மாளுக்கு வேலை போய்விடும். சொல்லாமல் மெஷினைக் குறை சொல்லி எழுதினால் புதுசு வந்துவிடும், அப்புறம் பிடுங்க ஒயரே இருக்காது. முதல் நாள் அந்த அம்மாளைப் பற்றித் தான் நினைத்தது சிஸ்டம்காரருக்கு வெட்கமாக இருந்தது.

"பன்னெண்டு நிமிஷம் போதுதா மேடம்?" என்று கேட்டார்.

"பாத்ரூமே ரெண்டுதான் சார். எங்க போதுது?"

அன்று மாலை சிஸ்டம்காரர் மேனேஜரிடம் ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். புது வேலை கை நழுவிப் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்.

"மெஷின் நன்றாக இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மாற்ற வேண்டாம். மூச்சு விடாமல் வேலை வாங்குவதுதான் பிரச்சினை. தினமும் பிற்பகல் கால் மணி நேரம் நிறுத்தி, ஓய்வு கொடுத்தால் நல்லபடியாக உழைக்கும்."

இன்னொரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார் மேனேஜர். முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

"நியாயம்தானே சார். உயிர் இல்லைன்னாலும் அதுவும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? கால் மணி எதுக்கு, அரை மணியாவே குடுத்துடுங்க. பாவம்."