கடல் எண்ணெயும் இரண்டு பொட்டணமும்

மாகாளியம்மனையே ஏமாற்றிவிடுவது என்று அரங்கசாமி முடிவு செய்துவிட்டார்.

அதொன்றும் பெரிய வித்தையில்லை. வாக்குக் கேட்க இரண்டு பொட்டணம் வேண்டும். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். அரங்கசாமி விடியும் முன்னே எழுந்து, இரண்டிலும் வெள்ளையையே வைத்து வாழை நாரால் கட்டிவிட்டார்.

எல்லாம் ஒரு ஷேருக்காக.

கிழக்குக் கடலில் ஒரு சின்னக் கம்பெனி எண்ணெய் தேடித் துளை போட்டுக்கொண்டிருந்தது. தொண்டாமுத்தூர் பேக்கரியில் கொஞ்ச நாளாக அதைத் தவிர வேறு பேச்சில்லை. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ராமுலு செல்போனில் படம் காட்டுவார். நடுக்கடலில் கோபுர உயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு. அதன்மேல் எறும்பு மாதிரி ஆட்கள். அதைப் பார்த்தாலே அரங்கசாமிக்குக் கையில் இருக்கிற டீ ஆறிப்போகும். மனுசன் என்னவெல்லாம் செய்கிறான் என்று மலைத்துப்போவார்.

எண்ணெய் மட்டும் வந்துவிட்டால் ஒன்று பத்தாகும் என்றார் ராமுலு. தன் பி.எஃப். பணம் முழுவதையும் அதில் போட்டும் விட்டார்.

அரங்கசாமியிடம் பணமில்லை, தென்னந்தோப்பு இருந்தது. அதுவும் மனைவி ராமாமணிக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தோப்பால்தான். விற்பதென்றால் அவள் கையெழுத்து வேண்டும்.

ராமாமணி சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம தோப்புல ஆயிரம் அடிக்கு ரெண்டாவது போர் போட்டும் வெறும் பொகைதான் வந்துச்சு. கடலுக்கு அடியில எண்ணெய் இருக்குதுன்னு அவிகளுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?"

அதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது என்று அரங்கசாமி வாயை அடைத்தார். காலையில் காபியோடு ஆரம்பித்தால் ராத்திரி படுக்கிற வரைக்கும் கையெழுத்துக் கேட்டு அவளை நச்சரித்தார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். அம்மனிடம் வாக்குக் கேட்போம், அம்மன் சரியென்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

அப்படித்தான் இந்தப் பொட்டண வேலை.

கோயிலில் பொட்டணங்கள் இருந்த பூக்கூடையை ராமாமணி கையில் கொடுத்துவிட்டு, அரங்கசாமி குழாயடிக்குப் போய்க் கால் கழுவி வந்தார். பூசாரி பொட்டணங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை லாஸ்யா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அரங்கசாமி கைகூப்பி, பழுத்த பக்திமானைப்போல நின்றிருந்தார்.

பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

எடுக்காத பொட்டணத்தை அங்கே பிரிக்கிற வழக்கமில்லை. பூசாரி அதை அப்படியே மரத்தடியில் போட்டுவிட்டுத் தீபாராதனை காட்டப் போய்விட்டார்.

அரங்கசாமி பிரித்த பொட்டணத்தையே பார்த்தார். இரண்டும் வெள்ளை. அவரே பறித்தது, அவரே கட்டியது. வெள்ளைப் பூ எப்படிச் சிவக்கும்? நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் சொன்னால் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். அதிசயத்தைக் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்க முடியாத மனுசன் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தோப்பை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் கோயில் தவறியதில்லை. ஷேர் ஏறிக்கொண்டே போனது. பேக்கரியில் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

ஆடி மாதம் கம்பெனி அறிவித்தது. கடலில் போட்ட துளையில் எண்ணெய் இல்லை.

ஷேர் மளமளவென்று சரிந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றாலும் வாங்க ஆளில்லை. ராமுலு இந்த வயதில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

அவரை அந்த நாற்காலியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அரங்கசாமியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

"அம்மணி, நான் ஒரு தப்புச் செஞ்சுபோட்டேன். அன்னிக்கு ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப் பூவைத்தான் வெச்சேன். அந்த அம்மன் அதைச் செவப்பாக்கி நம்மளைக் காப்பாத்திப்போட்டா."

சொல்லும்போதே அவருக்கு உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது.

ராமாமணி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அம்மன் மாத்துலீங்க. நாந்தான் மாத்துனேன். ஒருநாளும் ஒரு பூப் பறிக்காத மனுசன் வெடியால எந்திரிச்சுப் பொட்டணம் கட்டுனா சந்தேகம் வராதுங்களா? நீங்க கால் கழுவப் போனப்பப் பிரிச்சுப் பாத்தேன். கோயில் வாசல்லயே செவப்பு அரளி பூத்துக் கெடந்துச்சு."

அரங்கசாமிக்குச் சிலிர்ப்பெல்லாம் வடிந்துபோனது. இத்தனை நாள் விழுந்து விழுந்து கும்பிட்டது இதற்குத்தானா? தான் செய்ததெல்லாம் மறந்து, அவருக்குக் கோபம்கூட வந்துவிட்டது.

"அப்ப நீ ரெண்டுலயும் செவப்பை வெச்சு என்னைய ஏமாத்திப்போட்ட."

"இல்லீங்க. ஒண்ணுல மட்டுந்தானுங்க வெச்சேன்."

அவருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரமானது. உறைத்ததும் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"அந்தப் புள்ள இன்னொண்ணை எடுத்திருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பனுங்க," என்றாள் ராமாமணி. "சாமிகிட்டக் கேக்கறதுன்னா, நெசமாத்தானுங்க கேக்கோணும்."