ஒன்றுகூட விடாமல்

"கொஞ்சத்தை விட்டுவைக்கலாம்னா என்ன அர்த்தம் மாப்பிள்ளை? சோம்பேறித்தனம்னு அர்த்தம்!"

மாமனார் போட்ட சத்தத்தில் பட்டறையே அடங்கியது. மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய லித்தியம் செல்கள். டார்ச் லைட்டிலும் துளை போடும் மெஷினிலும் போடுகிற, விரல் நீளச் செல்கள். கடையில் கிடைக்கும் இந்தச் சரக்கு செயற்கைக்கோளில் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துச் சொல்லி, இதே பெட்டிச் செல்லில் பேட்டரியும் கட்டித் தர வேண்டும். இந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"இல்ல மாமா, வழக்கமா கொஞ்சத்தை மட்டும்தான் சோதனைக்கு..."

"வழக்கமா! நான் தக்காளி வாங்கினாலே ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துத்தான் கூடையில போடுவேன். இது வானத்துக்குப் போற சாமான். மேலே போய் வெடிச்சா, ஏணி வச்சு ஏறி மாத்துவீங்களா?"

வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பளம் கொடுப்பவர் சொன்ன ஜோக்.

"அதுக்கில்ல மாமா. இந்த ரகத்தையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். இதுதான் கடைசிப் பெட்டி..."

"அதனாலதான் ஒண்ணையும் விடக்கூடாதுங்கறேன்!"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அப்பா சொல்றதைக் கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள்.

மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கும் இன்ஜினியர் அதற்குமேல் என்ன பேசுவார்? "சரிங்க மாமா" என்றார்.

செல்கள் காற்றில்லாத பெட்டிக்குள் போயின. சூடு, குளிர், குலுக்கல். சார்ஜ் ஏற்று, இறக்கு. மறுபடி ஏற்று, மறுபடி இறக்கு. வானத்தில் வருடக்கணக்கில் படப்போகிற பாட்டையெல்லாம் சில மாதங்களில் பட்டு முடித்தன. மாமனார் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். ஒருநாள் அலமாரிக்குள் கொஞ்சம் செல்கள் தனியாக இருந்தன.

"இது யாருக்கு? உங்க அம்மா வீட்டுக்கா?"

மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அவற்றையும் அவரே பெட்டிக்குள் தள்ளினார்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒன்றுகூட உப்பவில்லை.

செயற்கைக்கோள் கம்பெனியின் அதிகாரியம்மா வந்தார். முடிவுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம் சார்! கடைச் சரக்கு இவ்வளவு தாங்கும்னு நான் நினைக்கவே இல்லை. ஆர்டர் உங்களுக்குத்தான்."

மாமனாருக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. "எங்க மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு வணங்காது மேடம். நான்தான் கூடவே நின்னு வேலை வாங்கினேன்."

மாப்பிள்ளை சோதனை முடிந்த செல்களைத் தட்டுகளில் அடுக்கி மேஜைமேல் வைத்தார்.

அதிகாரியம்மா சிரித்துக்கொண்டே, மேஜைமேல் அடுக்கியிருந்த செல் தட்டுகளை ஓரமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் தன் ஆயுசை இங்கேயே வாழ்ந்து முடிச்சாச்சு, கழிச்சுக் கட்டிடுங்க. சோதனைக்குப் போகாத செல்லை எடுத்துட்டு வாங்க சார், அதுதானே மேலே போகப்போகுது?"

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மாப்பிள்ளை ஏதாவது பேசமாட்டாரா என்று மாமனார் அவர் வாயையே பார்த்தார்.