நிறைந்து நின்ற டிரம்

இருவர் கையையும் மூடியிருந்த துண்டுக்குள் குற்றாலிங்கம் விரலைப் பிடித்ததும், விஸ்வநாதன் சரி என்று தலையாட்டிவிட்டார்.

குற்றாலிங்கத்துக்குத் திக்கென்றது.

அவர் பிடித்தது சும்மா ஆரம்பிக்கிற விலை. எதிராளி கையை உதற வேண்டும், "போவே" என்று ஏச வேண்டும், நாலு எட்டு நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். மாட்டுத் தரகில் தலை நரைத்தவர் அவர். முதல் பிடிக்கே சரி சொன்ன மனிதரை இதுவரை பார்த்ததில்லை.

துண்டுக்குள் இருந்த கையும் சில்லென்று, பிடிமானமில்லாமல் கிடந்தது.

"வெலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி?"

"சொல்லுததுக்கு என்னவே இருக்கு. அவுத்துட்டுப் போரும்."

இவ்வளவு மலிவாக வருகிறதென்றால் சரக்கில் எங்கோ சொத்தை இருக்கிறது. குற்றாலிங்கம் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். கறவை நின்ற மாடு, வயதும் போய்விட்டது. அதெல்லாம் தெரிந்ததுதான். இலஞ்சியில் இந்த வீட்டுக்கு அதை விற்றவரே அவர்தானே.

விற்றது விஸ்வநாதனிடம் அல்ல, அவர் மனைவி லோகநாயகியிடம். அன்றைக்கு இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். அந்த அம்மாள்தான் துண்டும் இல்லாமல் ஒளிவும் இல்லாமல் வாயாலேயே விலையை இறக்கினாள்.

"நீங்க சொல்லுத வெலைக்கு இந்த மாடு காப்பியே கறக்கும் போலிருக்கே!"

சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து நீட்டினாள். குற்றாலிங்கம் தொடவில்லை. மாடு வாசல் தாண்டுவதற்குள் அந்த வீட்டில் வாய் நனைத்தால் பேசின பேரம் செல்லாது. அவர் அப்பா போட்டுவிட்டுப் போன கட்டுப்பாடு, ஊருக்கே தெரியும்.

இப்போது லோகநாயகி இல்லை. காரியம் முடிந்து, மகனும் சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இவரும் மாடும்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்யுதீய அண்ணாச்சி?"

"எனக்கென்ன. நம்ம மாட்டுச் சாணக் கேஸ் இருக்கு. பொங்குதேன், திங்கேன்."

கயிற்றை அவிழ்க்கத் திரும்பிய குற்றாலிங்கத்தின் கண், தொழுவத்துக்குப் பின்னால் இருந்த கேஸ் குழியில் விழுந்தது.

குழிக்குள் கவிழ்த்து வைத்த டிரம் அது. கேஸ் சேரச் சேர மேலே எழும்பும், அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். ஒற்றை மாட்டின் சாணம் ஒரு வேளைச் சமையலுக்கே இழுபறி. லோகநாயகி இருந்தவரை அந்த டிரம் முழங்கால் உயரம் வந்து அவர் பார்த்ததில்லை.

இப்போது இடுப்பளவுக்கு நின்றது. மேலே ஏற இடமில்லாமல், விளிம்பைச் சுற்றிச் சாணக் கூழ் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்து எத்தனை நாளாயிற்றோ.

ஆனால் சாணம் கரைத்து ஊற்றுகிற தொட்டி ஈரமாக இருந்தது. வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. மாட்டின் முன்னால் புது வைக்கோல். மாடு தின்றிருக்கிறது, குழி தின்றிருக்கிறது. விஸ்வநாதனின் வேட்டி மட்டும் இடுப்பில் நிற்காமல் முடிச்சின்மேல் முடிச்சாக இருந்தது.

சொத்தை மாட்டில் இல்லை.

குற்றாலிங்கம் தென்காசி பஜாரில் வளர்ந்தவர். என்ன விலை கேட்டாலும் எடுத்துக்கொள் என்கிற கடைக்காரனை அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் போனால் அந்தக் கடை திறந்திருக்காது.

இந்தச் சாணத்தை அள்ளத்தான் மனிதர் காலையில் எழுந்திருக்கிறார். மாடு இன்றைக்குச் செங்கோட்டை தாண்டிவிட்டால், நாளைக்கு எதற்கு எழுந்திருப்பார்?

தெருவில், மாட்டை ஏற்றிப்போக வந்திருந்த லோடு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

குற்றாலிங்கம் கயிற்றை விட்டுவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒரு காப்பி போட்டுத் தாங்களேன் அண்ணாச்சி."

விஸ்வநாதன் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"குடிச்சா பேரம் போயிருமேவே."

"போட்டும். சாரல்ல நனைஞ்சு உடம்பு வெடவெடங்குது. ரெண்டு டம்ளராப் போடுங்க, தனியாக் குடிச்சுப் பழக்கமில்ல."

விஸ்வநாதன் வேட்டி முடிச்சை இறுக்கினார். பிறகு உள்ளே போனார்.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. பெட்டி நமத்திருக்க வேண்டும். திரும்ப உரசல். திரும்ப. ஏனம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

குற்றாலிங்கம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை.

பிறகு, விளிம்பில் குமிழி நின்றது. டிரம்மின் மேல் காய்ந்து கிடந்த கோடு ஒன்று மெல்லக் கூழுக்குள் இறங்கியது. ஒரு விரற்கடை இருக்கும்.

காப்பி விளக்கெண்ணெயாட்டம் இருந்தது. குற்றாலிங்கம் முகம் சுளிக்காமல் குடித்தார். விஸ்வநாதன் தன் டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, அடியில் கிடந்த கருப்பட்டி மண்டியையும் விரலால் வழித்துத் தின்றார்.

அதன்பிறகு மாட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்வே, நீரு கேட்டது ஒரு வெலையாவே?"

குற்றாலிங்கம் துண்டை விரித்தார். உள்ளே வந்த கை இப்போது சூடாக இருந்தது. முன்பு பிடித்ததைவிடக் குறைத்துப் பிடித்தார்.

விஸ்வநாதன் கையை உதறினார்.

"போவே! அந்த வெலைக்கு வாலைக்கூடத் தரமாட்டேன்."

"நாளைக்கு வந்து பேசுதேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலிங்கம் வெறும் வண்டியை நோக்கி நடந்தார். "தூளை மட்டும் கொறைச்சுப் போடுங்க அண்ணாச்சி."