கைப்பிடி உப்பு

“கைய விரிடா நாயே.”

காக்கி அரைக்கால்சட்டையும் சிவப்புத் தலைப்பாகையுமாக நின்ற காதர் மைதீன் தடியை ஓங்கினான். உப்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த காயாரோகணம் ஒரு பிடி உப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே சுருண்டு கிடந்தார்கள்.

தடி அவர் முதுகில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நடுவாக முறிந்து பறந்தது. சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“என்ன பாய், சாம்பாருக்கு வெட்டுன கொம்பா?” என்றான் ஒருவன்.

கேட்காமல் என்ன செய்வான்? சாயம் பூசிவிட்டால் முருங்கைக் கொம்பு மூங்கில் ஆகிவிடுமா?

வெள்ளைக்காரன் காலத்தில் இதே இடத்தில் உப்பு அள்ளியவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கிற இந்த ஊர் அதை வருடா வருடம் சித்திரையில் நடித்துக் காட்டும். உப்பைப் பிடித்தவன் கையை விரிக்கிற வரைக்கும் போலீஸ் அடிக்க வேண்டும், அதுதான் முறை.

மற்றவர்கள் பொய்யடி இரண்டு வாங்கிக் கையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். காயாரோகணம் மட்டும் நிஜ அடி கேட்பார். போன வருடம் விலா எலும்பில் விரிசல் விழுந்தது, அப்போதும் மனிதர் மூச்சு விடவில்லை.

அவருடைய தாத்தா அன்றைக்கு இந்த உப்பளத்தில் நின்றவர். தியாகி ரத்தம் அல்லவா, வீறாப்பு இருக்கத்தான் செய்யும் என்று ஊர் பேசிக்கொண்டது. ஆறடி உயரம் என்ற ஒரே பாவத்துக்காகப் போலீஸ் வேஷம் காதர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வருடமும் நாடகம் முடிந்த அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

நேற்று காயாரோகணத்தின் மனைவி சௌந்தரநாயகி அவன் செருப்புக் கடைக்கே வந்து அழுதுவிட்டாள்.

“நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு தம்பி. ரத்தம் உறையாம இருக்க மாத்திர குடுத்திருக்காங்க. அடிபட்டா ரத்தம் நிக்காது, ஆளு போயிருவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு.”

“நான் அடிக்க மாட்டேன் அண்ணி. அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன், நீங்க நிம்மதியா போங்க.”

ராத்திரியோடு ராத்திரியாக முருங்கையை வெட்டிச் சாயம் அடித்தான். அதுதான் இப்போது இரண்டு துண்டாகக் கிடந்தது.

காயாரோகணம் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து பித்தளைப் பூண் போட்ட மூங்கில் தடியை உருவி நீட்டினார். அவர் தாத்தா காலத்திலிருந்து வீட்டு உத்தரத்தில் செருகிக் கிடக்கிற தடி அது. வருடா வருடம் எண்ணெய் தடவி அவரேதான் கொண்டுவருவார்.

“இதால அடி.”

“வேணாண்ணே. மாத்திர சாப்புடுறீங்க.”

“அவ சொன்னாளா?” அவர் குரல் தாழ்ந்தது. “நீ அடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன் காதரு. இந்த வெயில்ல இங்கயேதான் கெடப்பேன்.”

செய்தாலும் செய்வார், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். முழங்கையில் ஓங்கி ஒன்று வைத்தால் கை தானாக விரிந்துவிடும், அத்தோடு நாடகம் முடிந்துவிடும் என்று காதர் நினைத்தான். அந்த நினைப்புத்தான் பாழாய்ப் போயிற்று.

முதல் அடி முழங்கையில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தத்தில் காதருக்குப் பல் கூசியது. கை விரியவில்லை.

“இதெல்லாம் ஒரு அடியா?” என்றார் காயாரோகணம்.

இரண்டாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. தோல் கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று வந்து உப்பில் வழிந்தது. கூட்டம் ‘வந்தே மாதரம்’ என்று கத்தியது, செல்போன்கள் உயர்ந்தன.

இதிலாவது கையை விரித்துத் தொலைக்கட்டும் என்று காதர் ஓங்கிய மூன்றாவது அடியைத் தோளில் வாங்கிக் குப்புற விழுந்தார். விழுந்த பிறகும் விரல்கள் மூடியே இருந்தன. கிழிந்த காயத்தில் உப்பு எரிந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

ரத்தம் நிற்கவே இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த சௌந்தரநாயகி அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“சத்தியம் பண்ணீங்களே தம்பி.”

காதர் தடியைத் தூக்கி எறிந்தான். தலைப்பாகையை அவிழ்த்து அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான். கட்டிய துணி அரை நிமிடத்தில் நனைந்து சொட்டியது.

“ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்கடா. படம் புடிச்சது போதும்” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். பிறகு அவர் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு விரல்களைப் பிரிக்கப் பார்த்தான்.

“விடுங்கண்ணே. கையெடுத்துக் கும்புடுறேன், விட்டுருங்க. ஒங்க தாத்தா அன்னிக்கு வாங்குன அடி போதாதா? நீங்களும் வாங்கிச் சாவணுமா?”

காயாரோகணம் அவன் முகத்தையே பார்த்தார். உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“அவரு வாங்கல காதரு. அடிச்சாரு.”